எந்த குரூப் எடுக்கலாம்?

பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வேறு கேள்வியே வருவதில்லை. இந்த முறையும் அப்படித்தான். அரசியலும் சினிமாவும் அடுத்த இதழ் வரை காத்திருக்கட்டும். பிள்ளைகளின் அட்மிஷன் காத்திருக்காது.

கே: என் மகள் 500-க்கு 462 வாங்கியிருக்கிறாள். காமர்ஸ்தான் வேண்டும் என்கிறாள். "இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு காமர்ஸா?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது? (ஒரு தாய், திருவண்ணாமலை)

ப: "இவ்வளவு மார்க் வாங்கியதால்தான் காமர்ஸ்" என்று சொல்லுங்கள் அம்மா. சி.ஏ. படிப்பு எவ்வளவு கடினம் என்பது அதில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். முதல் கட்டமான ஃபவுண்டேஷனில் நான்கு தாள்கள்: கணக்கியல், வணிகச் சட்டம், பொருளியல், பிறகு கணிதமும் தர்க்கமும் புள்ளியியலும் சேர்ந்த ஒரு தாள். எந்த குரூப் படித்தவரும் எழுதலாம். ஆனால் காமர்ஸ் படித்த பிள்ளைக்குக் கணக்கியலும் பொருளியலும் ஏற்கெனவே பழகியிருக்கும். உங்கள் ஊர்ப் பள்ளியில் வணிகக் கணிதம் உள்ள பிரிவு இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் கணிதத் தாளுக்கும் அது கைகொடுக்கும். பத்தாம் வகுப்பு முடித்ததுமே ஃபவுண்டேஷனுக்குப் பதிவு செய்துகொள்ளலாம், ப்ளஸ் டூ முடித்து எழுதலாம்.

மகளிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: ஏன் காமர்ஸ்? "கணக்கு பயமாயிருக்கிறது" என்றோ "என் தோழிகள் எல்லாம் அதில்தான்" என்றோ சொன்னால் இன்னும் கொஞ்சம் பேசுங்கள். கடை, வங்கி, வரி, வியாபாரம் என்று அவளாக ஏதாவது காரணம் சொன்னால், பேச்சை நிறுத்திவிட்டு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

கே: ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தால் எல்லா வாசலும் திறந்திருக்குமாமே? (ஒரு மாணவி, பரமக்குடி)

ப: பெரும்பாலும் உண்மைதான். ஃபர்ஸ்ட் குரூப்பான பயோ-மேத்ஸ் படித்தவர் பொறியியல், மருத்துவம், வேளாண்மை, கால்நடை மருத்துவம் எதற்கும் விண்ணப்பிக்கலாம். மனம் மாறினால் பி.காம்., சட்டம் என்றும் திரும்பலாம். காமர்ஸ் படித்தவர் பொறியியலுக்கு வர முடியாது. அந்த வகையில் இது ஒருவழிப் பாதை.

ஆனால் வாசல் திறந்திருப்பது வேறு, உள்ளே போக முடிவது வேறு. தமிழ்நாட்டில் பொறியியல் கட்-ஆஃப் 200-க்குப் போடுகிறார்கள்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இந்த மூன்றையும் வேண்டா வெறுப்பாக இரண்டு வருடம் சுமந்து, மூன்றிலும் ஐம்பது அறுபது மார்க் வாங்கினால், நீ ஆசைப்படும் கல்லூரியில் இடம் கிடைக்காது. அதே பிள்ளை வரலாற்றிலோ கணக்கியலிலோ தொண்ணூற்றைந்து வாங்கியிருக்கக்கூடும். இன்னும் எதுவும் முடிவாகவில்லை, அறிவியலும் கணக்கும் பிடிக்கவும் செய்கிறது என்றால் ஃபர்ஸ்ட் குரூப் எடு. பிடிக்கவில்லை என்றால், "பின்னால் உதவுமே" என்பதற்காக மட்டும் எடுக்காதே.

கே: நண்பன் எடுக்கும் குரூப்பையே நானும் எடுக்கலாமா? (ஒரு மாணவன், ஆரணி)

ப: நண்பன் மாலையிலும் கிடைப்பான். பாடம்தான் பகல் முழுவதும் உன்னோடு உட்கார்ந்திருக்கும். பாடத்தைப் பார்த்து எடு.

கே: டாக்டராக ஆசை. பயோ-மேத்ஸா, ப்யூர் சயின்ஸா? (ஒரு மாணவி, தென்காசி)

ப: நீட் தேர்வு 720 மார்க். உயிரியல் 360, இயற்பியல் 180, வேதியியல் 180. கணிதத்துக்கு மார்க் இல்லை. இதை வைத்து "கணக்கை விட்டுவிடு, ப்யூர் சயின்ஸ் போ" என்று சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நீட்டில் நம் பிள்ளைகளை இடறிவிடுவது பெரும்பாலும் இயற்பியல். அந்த இயற்பியலுக்குள் வகையீடு, வெக்டர், மடக்கை எல்லாம் இருக்கின்றன. பதினொன்றில் கணக்கை விட்டவர்கள் அங்கேதான் முழிக்கிறார்கள்.

ப்யூர் சயின்ஸில் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடங்கள், ஆழமாகப் படிக்கலாம். பயோ-மேத்ஸில் இரண்டும் 'உயிரியல்' என்ற ஒரே பாடத்துக்குள் வந்துவிடும். கணக்கு உனக்கு ஓரளவு வரும் என்றால் பயோ-மேத்ஸ் எடு. தினம் இரண்டு மணி நேரத்தைக் கணக்கே விழுங்கிவிடுகிறது என்றால் ப்யூர் சயின்ஸ் எடு. இயற்பியலுக்கு வேண்டிய கணக்கை மட்டும் தனியாகக் கற்றுக்கொள்.

நீ கேட்காத இரண்டைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்து ப்ளஸ் டூவையும் அங்கேயே முடித்தால், மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2020-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆகவே நீ அரசுப் பள்ளி மாணவி என்றால், நீட் பயிற்சி தருகிறோம் என்று அழைக்கும் தனியார் பள்ளிக்கு மாறுவதற்கு முன் நூறு முறை யோசி. மாறினால் அந்த ஒதுக்கீடு போய்விடும். இரண்டாவது, மருத்துவம் கிடைக்காவிட்டால் என்ன என்பதை இப்போதே எழுதி வைத்துக்கொள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாநில இடங்களை ப்ளஸ் டூ மார்க்கை வைத்தே நிரப்புகிறது. அதற்கு உன் குரூப்பே போதும். செவிலியர், மருந்தாளுநர், பிசியோதெரபி என்று கண்ணியமான படிப்புகள் இன்னும் இருக்கின்றன. நீட்டை எத்தனை முறை எழுதுவது என்பதையும் வீட்டோடு பேசி முன்கூட்டியே முடிவு செய்துகொள். பதினேழு வயதுப் பிள்ளையின் வருடங்களை ஒரே தேர்வு தின்றுகொண்டிருக்கக் கூடாது.

கே: கணக்கில் 41 மார்க். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் தர முடியாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். கம்ப்யூட்டர்தான் என் கனவு. (ஒரு மாணவன், அரியலூர்)

ப: 41 என்பது ஒரு காலைப் பொழுதில் நீ எழுதிய விடைத்தாளின் கணக்கு. உன் மூளையின் கணக்கு அல்ல. முதலில் ஏன் 41 என்று பார். வருடத்தில் பாதி நாள் கணக்கு ஆசிரியரே இல்லையா? தேர்வறையில் பதற்றமா? அல்லது எட்டாம் வகுப்பிலேயே இயற்கணிதம் புரியாமல் போய், அதன்பின் எல்லாம் புரியாமலே வந்ததா? கோடை விடுமுறையில் சரிசெய்யக்கூடியது என்றால், அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியரைப் போய்ப் பார். இடம் இருக்கிறதா என்று நேரில் கேள்.

அது நடக்காவிட்டாலும் கம்ப்யூட்டர் உன்னை விட்டுப் போகாது. பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தால் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். காமர்ஸில் கணினிப் பயன்பாடுகள் பாடம் உள்ள பிரிவு எடுத்து, பி.சி.ஏ. பக்கம் போகலாம். பின்னால் எம்.சி.ஏ. படிக்க நினைத்தால், ப்ளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்று கேட்கக்கூடும். அதை இப்போதே மனதில் வை. சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பி.எஸ். படிப்பும் இருக்கிறது. அதற்கு ஜே.இ.இ. வேண்டாம், ப்ளஸ் டூவில் எந்த குரூப்பும் இருக்கலாம். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்து, அவர்களே நடத்தும் தகுதிச் சுற்றில் தேறினால் போதும். ஆனால் அங்கேயும் முதல் வருடமே கணிதமும் புள்ளியியலும் வந்து நிற்கும். எந்த வழியில் போனாலும் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் கணக்கு உட்கார்ந்திருக்கும் தம்பி. இந்த விடுமுறையிலேயே அதோடு சமாதானம் செய்துகொள்.

கே: பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வைத்தான் ரத்து செய்துவிட்டார்களே. நாங்கள் சேர்க்கப்போகும் பள்ளியில் ஜூலையிலிருந்தே பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் நடத்துவார்களாம். நல்லதுதானே? (ஊர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு தந்தை)

ப: நல்லதல்ல ஐயா. இந்த இதழின் எல்லாக் கேள்விகளிலும் உங்களுடையதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது.

கொஞ்சம் பின்னால் போகலாம். 2017 வரை பதினொன்றாம் வகுப்புக்குப் பள்ளியே தேர்வு நடத்தியது. 1200 மார்க் முழுதும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திலிருந்துதான் வந்தது. அதனால் பல பள்ளிகள் பதினொன்றை ஒப்புக்கு நடத்திவிட்டு, இரண்டு வருடமும் ஒரே புத்தகத்தை உருப்போட வைத்தன. 1180, 1190 என்று மார்க் வந்தது. அந்தப் பிள்ளைகளில் பலர் பொறியியல் முதல் செமஸ்டர் கணிதத்தில் அரியர் வைத்தார்கள். அகில இந்திய நுழைவுத்தேர்வுகளில் கேள்வித்தாளின் கிட்டத்தட்ட பாதி அவர்கள் படித்தே பார்க்காத பாடத்திலிருந்து வந்தது. இதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்றால் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று, மாநிலக் கல்விக் கொள்கையின்படி 2025-26 முதல் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் மன அழுத்தத்தை நினைத்தால் எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆனால் ரத்தானது தேர்வுதான், பாடம் அல்ல.

பதினொன்றாம் வகுப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இயற்பியலில் இயக்க விதிகள், வெப்ப இயக்கவியல், அலைகள். வேதியியலில் மோல் கணக்கு, அணு அமைப்பு, பிணைப்பு, கரிம வேதியியலின் அரிச்சுவடி. கணிதத்தில் முக்கோணவியல், எல்லை, வகைக்கெழு. கணக்கியலில் குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு. இவற்றைத் தாண்டிக் குதித்துப் பன்னிரண்டைப் படித்தால் மனப்பாடம் மட்டும்தான் செய்ய முடியும்.

சேர்க்கும் முன் பள்ளியில் நேராகக் கேளுங்கள்: பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை மார்ச் வரை முழுதாக நடத்துவீர்களா? பதில் சுற்றி வளைத்து வந்தால் வேறு பள்ளி பாருங்கள். சேர்த்துவிட்டீர்கள் என்றால் ஆகஸ்ட் மாதம் பிள்ளையின் நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். எந்தப் பாடம் நடக்கிறது என்று நோட்டு சொல்லிவிடும். கல்வித் துறையின் உதவி எண் 14417. ஃபீஸ் கட்டும் தந்தைக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது.

கே: கப்பலில் வேலை செய்ய எந்த குரூப்? (ஒரு மாணவன், தூத்துக்குடி)

ப: இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் கட்டாயம். இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் 2008-ல் தொடங்கியது, தலைமையிடம் சென்னை. அதன் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். ஆங்கிலத்துக்கும் குறைந்தபட்ச மார்க் உண்டு, அதை அலட்சியம் செய்யாதே. எல்லாவற்றுக்கும் முன் கண் மருத்துவரிடம் போய் நிறக்குருடு இருக்கிறதா என்று பார்த்துவிடு. அது இருந்தால் கடல் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். ப்ளஸ் டூ முடித்த பிறகு தெரிந்து உடைந்து போவதைவிட, குரூப் எடுக்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

கே: பேரனுக்குப் படிப்பு ஏறவில்லை. ஆனால் மிக்ஸி, மோட்டார், சைக்கிள் எது கிடைத்தாலும் பிரித்துப் போடுகிறான். ஐ.டி.ஐ. சேர்க்கலாம் என்றேன். கௌரவம் போய்விடும் என்கிறான் என் மகன். (ஒரு தாத்தா, சிவகாசி)

ப: பிரித்ததைத் திரும்ப மாட்டுகிறானா ஐயா? அதை நீங்கள் எழுதவில்லை. மாட்டி, அது ஓடவும் செய்கிறது என்றால் படிப்பு ஏறவில்லை என்ற பேச்சை இன்றோடு வீட்டில் நிறுத்திவிடுங்கள். அவனுக்குக் கையால் படிக்கத் தெரிகிறது.

ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட் என்று இரண்டு வருடப் படிப்புகள். முடித்தால் அப்ரண்டிஸ் போகலாம். ரயில்வேயில் துணை ரயில் ஓட்டுநர் பணிக்குப் பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். மேலே படிக்க நினைத்தால், இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்து பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். உங்கள் மகன் நினைப்பதுபோல ஐ.டி.ஐ.யோடு படிப்பு முடிந்துவிடுவதில்லை. பேரன் அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்குமா என்று ஐ.டி.ஐ.யிலேயே விசாரியுங்கள்.

பள்ளியிலேயே இருக்க வேண்டும் என்றால் தொழிற்கல்வி குரூப் இருக்கிறது. 1978-ல் ப்ளஸ் டூ வந்தபோதே கூட வந்தது. அடிப்படை இயந்திரவியல், மின் பொறியியல், நெசவு, வேளாண்மை, செவிலியம் எல்லாம் உண்டு. பல பள்ளிகளில் ஆசிரியர் ஓய்வு பெற்றதும் பிரிவையே மூடிவிடுகிறார்கள். இது நம் மாவட்டங்களில் நடக்கும் பெரிய அநியாயம். பெற்றோர் கேட்டால்தான் அவை பிழைக்கும். மகனிடம் சொல்லுங்கள்: ஒழுங்காக வேலை தெரிந்த எலெக்ட்ரீஷியன் கிடைக்காமல் ஊரே காத்திருக்கிறது. கௌரவம் அங்கே தாராளமாக இருக்கிறது.

கே: காமர்ஸ் படித்து ஐ.ஏ.எஸ். ஆகலாமா? (ஒரு மாணவி, மன்னார்குடி)

ப: தாராளமாக. ஏதாவது ஒரு பட்டம் போதும். இன்னும் சொன்னால், வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் உள்ள ஆர்ட்ஸ் குரூப்தான் குடிமைப் பணித் தேர்வுக்கு நேரான பாடம். தனியார் பள்ளிகள் பலவற்றில் அந்தப் பிரிவே இருக்காது. அரசுப் பள்ளியில் தேடு. வழக்கறிஞர் ஆசை இருந்தாலும் எந்த குரூப்பும் சரி. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புக்கு ப்ளஸ் டூ மார்க் போதும். திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் தேர்வு எழுத வேண்டும்.

கே: எனக்கு வேளாண்மை படிக்க ஆசை. எங்கள் ஊர்ப் பள்ளியில் காமர்ஸ் மட்டும்தான் இருக்கிறது. "பெண் பிள்ளை, பக்கத்தில் இருப்பதை எடு" என்கிறார் அப்பா. (ஒரு மாணவி, கிருஷ்ணகிரி மாவட்டம்)

ப: இந்தப் பதிலை அப்பாவிடம் காட்டு அம்மா. அவருக்குத்தான் எழுதுகிறேன்.

ஐயா, காமர்ஸ் நல்ல படிப்பு. ஆனால் அதை எடுத்தால் வேளாண் பட்டப்படிப்புக்கு உங்கள் மகளால் விண்ணப்பிக்கவே முடியாது. அறிவியல் குரூப் உள்ள பள்ளி எட்டு பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். அந்தத் தூரத்துக்குப் பயந்து அவளுடைய நாற்பது வருட உழைப்பை மாற்றி எழுதுகிறீர்கள். பதினொன்றாம் வகுப்பில் அரசே சைக்கிள் தருகிறது, பஸ் பாஸ் தருகிறது. தூரம் அதிகம் என்றால் அரசு மாணவியர் விடுதி இருக்கிறது. அவள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போனால், 2022-ல் தொடங்கிய 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்கிலேயே வரும். பக்கத்து ஊரில் தொழிற்கல்வியில் வேளாண் அறிவியல் பிரிவு இருந்தால் அதையும் பாருங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் அந்தப் பிரிவில் படித்தவர்களுக்குத் தனி இடங்கள் உண்டு. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மகளோடு அந்தப் பள்ளிக்குப் போய், பஸ் நேரத்தையும் விடுதியையும் நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.

கே: ஏ.ஐ. வந்துவிட்டது. எந்தப் படிப்புக்கு எதிர்காலம்? (ஒரு வாசகர், கோவை)

ப: இன்று பதினொன்றில் சேரும் பிள்ளை வேலைக்குப் போக ஐந்தாறு வருடமாவது ஆகும். அப்போது எதற்கு மவுசு என்று உறுதியாகச் சொல்பவரை நம்பாதீர்கள். சிவிலுக்கு ஒரு காலம், எலெக்ட்ரானிக்ஸுக்கு ஒரு காலம், கம்ப்யூட்டருக்கு ஒரு காலம் என்று அலை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கணக்கு தெரிந்தவர், படித்ததைப் புரிந்து தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதத் தெரிந்தவர் எந்தக் காலத்திலும் பிழைத்திருக்கிறார். எந்த குரூப்பாக இருந்தாலும் மொழிப் பாடத்தைத் தூங்கும் வகுப்பாக ஆக்க வேண்டாம்.

கே: சேர்ந்த பிறகு தவறு என்று தெரிந்தால்? (ஒரு மாணவன், விருத்தாசலம்)

ப: முதல் சில வாரங்களுக்குள் என்றால் வெட்கப்படாமல் தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொல், இடம் இருந்தால் மாற்றித் தருவார்கள். தாமதமாகத் தெரிந்தால் ப்ளஸ் டூவை முடித்துவிட்டுத் திரும்பு. அறிவியலிலிருந்து சட்டம், வணிகம், வடிவமைப்பு பக்கம் திரும்புவது எளிது. விட்டுப்போன ஒரு பாடத்தைத் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் தனியாக எழுதவும் வழி இருக்கிறது. நீ சேர நினைக்கும் கல்லூரி அதை ஏற்கிறதா என்று கேட்டுவிட்டு ஃபீஸ் கட்டு.

கே: நான் ஆசிரியர். 290 மார்க் பையன் ஃபர்ஸ்ட் குரூப் கேட்கிறான். தோற்றுவிடுவான் என்ற அக்கறையில்தான் மறுக்கிறோம். தவறா? (மதுரை மாவட்டம்)

ப: அக்கறை அவன் மேலா, பள்ளியின் நூறு சதவீதத் தேர்ச்சி மேலா? முதலாவது என்றால், அவனை உட்கார வைத்து என்ன வரும், என்ன கடினம் என்று விளக்குங்கள். அதன் பிறகும் கேட்டால் இடம் கொடுங்கள். இரண்டாவது என்றால், தவறுதான் சார்.

கே: கடைசி முடிவு யாருடையது? பெற்றோரா, பிள்ளையா? (ஒரு தாய், கும்பகோணம்)

ப: பிள்ளையுடையது. விசாரிப்பது, ஃபீஸைப் பார்ப்பது, எந்த குரூப் எடுத்தால் எது கிடைக்காது என்று சொல்வது பெற்றோரின் வேலை. தேர்ந்தெடுப்பது படிக்கப்போகிறவரின் வேலை.

"பதினைந்து வயதுக்கு என்ன தெரியும்?" என்று கேட்பீர்கள். தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்புப் பாடப்புத்தகங்கள் அத்தனையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இயற்பியல், உயிரியல், கணக்கியல், பொருளியல், வரலாறு என்று ஐந்தாறு புத்தகங்களை இறக்கி, ஒவ்வொன்றிலும் முதல் பாடத்தைப் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்காதீர்கள். எந்தப் புத்தகத்தில் இரண்டாவது பாடத்துக்குத் தானாகப் போகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். பள்ளிகள் ஜூனில் திறந்துவிடும், அட்மிஷன் அதற்கு முன்பே முடிந்துவிடும். இந்த வாரமே இதைச் செய்யுங்கள்.